ராமேஸ்வரம் சங்குக் கடையில் ஒரு மாத இந்தி: ஒலிவழி வாக்கியப் பயிற்சியை வாங்கலாமா?

"தம்பி, இத வாங்கலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லுங்க" என்று மதினி போனை நீட்டினார். திரையில் இந்தி கற்றுத்தரும் ஓர் ஒலிப் பயிற்சியின் விலைப் பட்டியல். மாதக் கட்டணம் 900 ரூபாய்ச் சொச்சம். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 5,000-க்குக் கொஞ்சம் கீழே. முதல் ஏழு நாள் இலவசம். காதில் ஒரு குரல் வாக்கியம் சொல்லும், இடைவெளி விடும், நாம் இந்தியில் சொல்ல வேண்டும். புத்தகம் கிடையாது, இலக்கணம் கிடையாது.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 5,000 ரூபாய் என்பது கூட்டம் இல்லாத மாதத்தில் மதினிக்குப் பத்து நாள் லாபம். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வாங்கிப் பலன் இல்லாமல் போனால், "எனக்குத்தான் மண்டையில ஏறல" என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறவர் அவர். அதனால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். சோதனை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

கடையும் தேவையும்

மதினியின் கடை அக்கினி தீர்த்தத்திலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சங்கு, சோழி, சிப்பி மாலை, பாசி, சின்னச் சின்ன விளக்குகள். கடலில் முழுகிவிட்டு, உள்ளே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணியோடு வருகிற வடநாட்டு யாத்திரிகர்கள்தான் முக்கிய வாடிக்கை. அண்ணன் மும்பையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசலில் அண்ணன் பேசுவார், கல்லாவில் மதினி காசு வாங்குவார். அப்படியே காலம் ஓடியது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது கூட்டம் குறைந்து, கடன் ஏறி, அண்ணன் குவைத்துக்குப் போனார். 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வந்தபோது கூட்டமும் திரும்பி வந்தது. ஆனால் இப்போது கடையில் மதினி மட்டும்.

கால்குலேட்டரில் எண்ணை அடித்துக் காட்டியே சமாளித்து வந்தார். விலையை அப்படிச் சொல்லிவிடலாம். "அஸ்லி ஹை க்யா?" (அசல்தானா?), "பஜேகா?" (ஊதினால் சத்தம் வருமா?), "டூட் தோ நஹீ ஜாயேகா?" (உடைந்து போகாதே?) என்று கேட்கிறவருக்குக் கால்குலேட்டர் பதில் சொல்லாது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல்தான் ஆட்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

நான் மண்டபம் ஊரில் பள்ளி ஆசிரியர். 1918-இல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகளில் மத்யமா வரை எழுதியிருக்கிறேன். எழுதப் படிக்க வரும். ஆனால் ஒரு ராஜஸ்தான் பாட்டி எதிரே நின்று பேரம் பேசினால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தேர்வில் தேறிய எத்தனையோ பேருக்கு இதே நிலைதான். ஒலிவழிப் பயிற்சி ஏன் விற்கிறது என்று அந்தக் குறை எனக்குப் புரியவைத்தது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது

இது புதிய சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்கு வேற்று மொழிகளை அவசரமாகக் கற்றுத்தர வேண்டியிருந்தது. வாக்கிய வடிவங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பயிற்சி அப்போது வலுப்பெற்று, 1950-களில் வகுப்பறைக்கும் பரவியது. மொழி என்பது ஒரு பழக்கம், பழக்கினால் வந்துவிடும் என்பது அதன் அடிப்படை. 1959-இல், மொழியைப் பழக்கமாகவே விளக்கிய உளவியலாளர் ஸ்கின்னரின் நூலை மறுத்து மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை அந்த அடிப்படையையே உலுக்கியது. கேட்ட வாக்கியத்தை மட்டும் மனிதர்கள் சொல்வதில்லை, கேட்காததையும் புதிதாகக் கட்டுகிறார்கள் அல்லவா?

ஆனாலும் அந்த முறையில் இரண்டு நல்ல பாகங்கள் தங்கின. ஒன்று, இடைவெளி விட்டு நினைவூட்டுவது. பால் பிம்ஸ்லர் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் 1967-இல் அதற்கு ஓர் அட்டவணையே கொடுத்தார். ஒரு சொல்லைக் கற்ற 5 நொடியில் ஒரு முறை, அப்புறம் 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம். ஏறக்குறைய ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஐந்து மடங்கு. மறக்கப்போகிற நேரத்தில் பிடித்து இழுப்பதுதான் சூட்சுமம்.

இரண்டாவது, விடையைக் கேட்கும் முன்னே நாமே சொல்லிப் பார்ப்பது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பாடப்பகுதியைத் திரும்பப் படித்தவர்களையும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எந்த ஒலிப் பயிற்சியை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: நம்மைச் சொல்லவிட்டுவிட்டு விடை சொல்கிறதா, விடையைச் சொல்லிவிட்டுக் கூடவே சொல்லச் சொல்கிறதா? இரண்டாவது வகை செய்யும்போது சுகமாக இருக்கும். கடையில் கைகொடுக்காது. மதினி பார்த்த பயிற்சி முதல் வகை. அதனால்தான் சோதிக்கத் துணிந்தேன்.

எப்படிச் சோதித்தோம்

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாத்திரிகர்கள் சொன்னதையும் அதற்கு மதினி சொல்ல நினைத்ததையும் நோட்டில் எழுதினேன். 60 வாக்கியங்கள் தேறின. அந்த 60-இல் மதினிக்குப் புரிந்தவை 11. வாயால் சொல்ல வந்தவை 4. இதுதான் எங்கள் முதல் அளவு.

கோயில் நடை சாத்துகிற மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் தினமும் 25 நிமிடம் பயிற்சி. ஏழு இலவச நாள், அதற்குப் பிறகு ஒரு மாதம் காசு கட்டி. வருடக் கட்டணத்தைத் தொடவில்லை. இலவச நாளுக்கே, மாதாமாதம் தானாகக் காசு பிடிக்கிற யுபிஐ ஆட்டோபே அனுமதி கேட்டது. கொடுத்த அன்றே, அதை ரத்து செய்கிற இடம் பணச் செயலியில் எங்கே இருக்கிறது என்று மதினிக்குக் காட்டி, காலண்டரிலும் தேதியை வட்டமிட்டோம். காசு பிடிக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனாலும் கூட்ட நேரத்தில் அந்தக் குறுஞ்செய்தியை யார் பார்க்கப்போகிறார்கள்?

என்ன கண்டோம்

முதல் வாரத்திலேயே ஒன்று உறுத்தியது. பயிற்சி ஆங்கிலத்தில் கேட்கிறது, இந்தியில் பதில் எதிர்பார்க்கிறது. மதினி தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்தவர். ஆங்கில வாக்கியம் காதில் விழுந்து, அது தமிழாகி, பிறகு இந்தியாவதற்குள் இடைவெளி முடிந்துவிடும். ஒரு நாள் ஆங்கிலக் குரல் கேட்ட 20 வாக்கியங்களில் 6-ஐ நேரத்துக்குள் சொன்னார். மறுநாள் அதே 20-ஐ ஒலியை நிறுத்தி நான் தமிழில் கேட்டேன். 13 வந்தது. ஒரு நாள் கூடுதல் பழக்கம் என்று கொஞ்சம் கழித்தாலும் வித்தியாசம் பெரிது. அவர் முகத்தில் அன்று வந்த தெளிச்சியையும் கணக்கில் சேர்ப்பேன்.

ஏன் இப்படி என்று யோசித்தால், இந்தி வாக்கியத்தின் எலும்புக்கூடு நம்முடையதைப் போலவே இருக்கிறது. "இஸ் துகான் கே பீச்சே மேரா கர் ஹை." இந்த, கடை, க்குப் பின்னால், என், வீடு, இருக்கிறது. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. "முஜே பானீ சாஹியே" என்றால் எனக்கு, தண்ணீர், வேண்டும். இன்னும் அழகானது துணைவினை. "டூட் ஜாயேகா" என்றால் உடைந்து போகும். 'ஜா' என்பதே 'போ'தான். "தேக் லீஜியே" என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்; 'லே' நம் 'கொள்' உட்காரும் இடத்தில் உட்காருகிறது. "ரக் தோ" என்றால் வைத்துவிடு. நாம் 'விடு' போடுகிற இடத்தில் அவர்கள் 'கொடு' போடுகிறார்கள். தமிழிலிருந்து கேட்டால் இவை ஒரே தாவில் வந்துவிடும். ஆங்கிலத்திலிருந்து கேட்டால் சொல் வரிசையை ஒரு முறை குலைத்து மறுபடி அடுக்க வேண்டும், இந்தத் துணைவினையோ ஆங்கிலத்தில் தெரியவே தெரியாது.

இதனால் ஒன்று சொல்வேன். இந்தப் பயிற்சிகளைப் பற்றி நான் படித்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதியவை. இந்தியின் சொல் வரிசை கடினம், ட-வுக்கும் த-வுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை என்பார்கள். நமக்கு அவை இரண்டும் பிறப்பிலேயே இருக்கின்றன. 'ஸாத்' என்றால் 7, 'ஸாட்' என்றால் 60 என்று மதினி முதல் நாளே பிரித்துவிட்டார். நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்திச் சொல்கிற எழுத்துகள். சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் ஒற்றைக்கண்ணனுக்கும் தமிழில் எழுதினால் ஒரே 'கானா'தான்; இந்தியில் மூன்றும் வேறு வேறு ஒலி. இந்த இடத்தில் ஒலிப் பயிற்சிக்கு முழு மார்க் கொடுக்கிறேன். தமிழ் எழுத்தில் அச்சடித்த இந்திப் புத்தகத்தால் செய்ய முடியாததை மூன்றே வாரத்தில் அது மதினியின் காதுக்குச் செய்தது.

அடுத்து வாக்கியங்கள். அந்த ஒரு மாதத்தில் கேட்ட சுமார் 300 வாக்கியங்களை வரிசையாகக் குறித்து வைத்தேன். மதினி தன் கடையில், தன் வாழ்க்கையில் ஒரு முறையாவது சொல்லக்கூடியவை என்று அவரே டிக் போட்டது 41. மற்றவை பனி பெய்வது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் சகோதரன், விமான நிலையத்துக்கு டாக்ஸி என்று போயின. அந்த இந்தியும் ஏட்டு இந்தி. மூச்சுக்கு ஒரு 'க்ருப்யா' (தயவுசெய்து) வரும். எங்கள் கடைத் தெருவில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆயியே மாதாஜி, தேக் லீஜியே" (வாங்கம்மா, பார்த்துக்கொள்ளுங்கள்) என்று கூப்பிடுவதற்குத்தான் இங்கே மதிப்பு. அது பயிற்சியில் வரவேயில்லை.

விலை விவகாரம் இன்னும் மோசம். மதினி 100, 200 வரை சரளமாக எண்ணக் கற்றுவிட்டார். ஒரு நாள் மராட்டிய அம்மா ஒருவர் "டேட் ஸௌ மே தே தோ" என்றார். மதினிக்கு 'ஸௌ' மட்டும் புரிந்தது. நூறு ரூபாய்க்குக் கேட்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்த அம்மா கேட்டது 150-க்கு. 'டேட்' என்றால் ஒன்றரை, ஒன்றரை நூறு. 250-க்கு 'டாயி ஸௌ', 350-க்கு 'ஸாடே தீன் ஸௌ', 125-க்கு 'ஸவா ஸௌ'. வடக்கே பேரம் இந்தச் சொற்களில்தான் நடக்கிறது. ஒரு வியாபாரி முதல் நாளில் கற்க வேண்டியதைப் பயிற்சி ஒரு மாதத்திலும் தொடவில்லை. அன்று போனது ஒரு நல்ல சங்கு விற்பனை. எனக்கே வயிறு எரிந்தது.

மிக முக்கியமானதை அண்ணன்தான் கண்டுபிடித்தார். மூன்றாவது வாரம் குவைத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும்போது மதினி ஆசையாக இந்தியில் நாலு வார்த்தை பேசிக் காட்டினார். "கம் நஹீ கர் ஸக்தா" என்றதும் அண்ணன், "ஏ, நீ ஆம்பள மாதிரி பேசுற" என்றார். 'விலை குறைக்க முடியாது' என்பதை ஒரு பெண் 'ஸக்தீ' என்று முடிக்க வேண்டும். 'தருகிறேன்' என்று ஆண் சொன்னால் 'தேதா ஹூன்', பெண் சொன்னால் 'தேதீ ஹூன்'. பயிற்சியின் குரல் பெரும்பாலும் ஆண் குரல். கேட்டதைக் கேட்டபடி சொல் என்பதுதான் அதன் கட்டளை, மதினி அப்படியே செய்தார். 'நான் தருகிறேன்' என்பதில் தமிழிலும் ஆண் பெண் கிடையாது, ஆங்கிலத்திலும் கிடையாது. அதனால் சந்தேகம் வர வழியே இல்லை. சபா பாடம் படித்த நான் பக்கத்திலேயே உட்கார்ந்தும் கவனிக்கத் தவறினேன். இந்தி போன்ற மொழிக்கு ஒலிப் பயிற்சி வாங்கும் பெண்கள், தங்கள் குரலில் பாடம் இருக்கிறதா என்று முதல் இலவச நாளிலேயே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தவறான பழக்கத்துக்குக் காசு கட்டுகிறோம். பழகிய வாயைத் திருத்துவது புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம்.

இதே குடும்பத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. இறந்தகாலத்தில் வினை, செய்தவரை விட்டுவிட்டுப் பொருளின் பின்னால் போகும். 'சங்கு கொடுத்தேன்' என்றால் "மைனே ஷங்க் தியா". 'வளையல் கொடுத்தேன்' என்றால் "மைனே சூடீ தீ". பத்து நிமிடம் தமிழில் விளக்கினால் வெளிச்சமாகிவிடும். பயிற்சி விளக்காது. மதினி இருபது நாள் அதைக் குழப்பத்தோடேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத முடிவில் பழைய 60 வாக்கியங்களை மறுபடி கேட்டேன். புரிந்தவை 24, சொல்ல வந்தவை 13. முன்னேற்றம் உண்மை. சுமார் 15 மணி நேர உழைப்புக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

நாங்களே செய்த பதிவு

இரண்டாவது மாதம் சந்தாவை நிறுத்தினோம். எனக்குச் சபா பாடம் எடுத்த டீச்சர் ஓய்வுபெற்று ராமநாதபுரத்தில் இருக்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு மதினியும் நானும் போனோம். "இதத்தான் நான் முப்பது வருசமா சொல்லித் தந்திருக்கணும்" என்று டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு மதியங்களில், அந்த 60-ஐயும், பேர விலைகள் 20-ஐயும் அவர் குரலிலேயே போனில் பதிந்தோம். முதலில் என் குரலில் தமிழ் வாக்கியம், பிறகு சொல்லிப் பார்க்க 6 நொடி மௌனம், பிறகு டீச்சரின் இந்தி, மறுபடி மௌனம், மறுபடி இந்தி. பத்துப் பத்தாக எட்டுக் கோப்புகள். டீச்சர் காசு வாங்கவில்லை. மதினி ஓர் ஓலைக் கொட்டான் நிறையப் பனங்கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுத்தார்.

கேட்கும் முறைக்குப் பிம்ஸ்லரின் நீண்ட இடைவெளிகளை எடுத்துக்கொண்டோம். ஒரு கோப்பைக் கற்ற அன்று மாலை ஒரு முறை, மறுநாள், 5-ஆம் நாள், 25-ஆம் நாள். கடைக் காலண்டரிலேயே கோப்பு எண்ணை எழுதி வைத்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்த 60-இல் புரிந்தவை 52, சொல்ல வந்தவை 43. இதை அப்படியே பெருமையாகச் சொல்ல முடியாது. அதே வாக்கியங்களைப் பழகிவிட்டு அதே வாக்கியங்களில் சோதித்தால் எண் ஏறத்தான் செய்யும். முதல் மாதப் பயிற்சி காதைத் திறந்து வைத்திருந்ததும் உதவியிருக்கும். ஆகவே கடையில் இன்னொரு சனி, ஞாயிறு உட்கார்ந்து, புதிதாக 30 வாக்கியங்களை எழுதினேன். மதினி பயிற்சியிலும் கேட்காதவை, பதிவிலும் கேட்காதவை. 19 புரிந்தது, 11-க்குத் தானே வாக்கியம் கட்டிப் பதில் சொன்னார். பழகிய வாக்கியத்தின் சட்டத்தில் வேறு சொல்லைப் பொருத்தத் தொடங்கிவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு அதுதான் உண்மையான மார்க்.

வாங்கலாமா?

மதினிக்கு: வருடச் சந்தா வேண்டாம் என்று சொன்னேன். ஒரு மாதம் வாங்கியது வீண் இல்லை. காது திறந்தது, தினமும் உட்காருகிற பழக்கம் வந்தது, தப்பாகப் பேசக் கூச்சம் போனது. அதற்கு மேல் அந்தப் பயிற்சியிடம் அவருக்கு வேண்டியது இல்லை.

எல்லோருக்கும் இதே பதில் சொல்ல மாட்டேன். என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான், ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்திலேயே யோசிக்கிறவன், படிப்பு முடிந்து புனேயில் வேலைக்குப் போக நினைக்கிறான். அவனுக்கு விமான நிலையமும் டாக்ஸியும் உதவும், குரலும் அவனுக்குப் பொருந்தும். ஆறு மாதம் தினமும் செய்வான் என்றால் அவன் வாங்கலாம்.

கீழக்கரையில் ஒரு நண்பர் தன் தம்பிக்கு அரபி ஒலிப் பயிற்சி வாங்கலாமா என்று கேட்டார். தம்பி வளைகுடா போகிறார். அங்கே நான் பார்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று: எந்த அரபி? பல பயிற்சிகள் ஏட்டு அரபியையோ எகிப்து அரபியையோ கற்றுத்தருகின்றன. குர்ஆன் ஓதிப் பழகியவருக்கு எழுத்து புதிதல்ல, ஒலியும் புதிதல்ல. ஆனால் நலம் விசாரிக்க ஏட்டில் "கைஃப ஹாலுக்" என்றால், குவைத்தில் அண்ணனிடம் எல்லோரும் கேட்பது "ஷ்லோனக்". இலவச நாளில் முதல் பாடத்தை, அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருவருக்குப் போனில் போட்டுக் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மதினி இப்போது புதிய கேள்வி ஏதாவது வந்தால் உடனே போனில் வாடிக்கையாளரிடமே அனுமதி கேட்டுப் பதிந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவற்றை டீச்சருக்கு அனுப்புகிறார். போன வாரம் குஜராத்திலிருந்து வந்த ஒருவர் சங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இஸே கர் மே கிஸ் திஷா மே ரக்னா ஹை?" என்று கேட்டாராம். வீட்டில் எந்தத் திசையில் வைக்க வேண்டும்? கேள்வி முழுக்கப் புரிந்தது, பதில்தான் தமிழிலும் தெரியவில்லை என்றார் மதினி. கோயில் குருக்கள் ஒருவரிடம் கேட்டு வந்து சொன்னார்; டீச்சர் அதை இந்தியில் பதிந்து அனுப்பியிருக்கிறார். ஒன்பதாவது கோப்பில் முதல் வாக்கியம் அதுதான்.